ஒரு டாலர் கோச்

1973, ஜூன் மாதம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள ஓமஹா நகரம். கல்லூரி பேஸ்பாலின் தேசிய இறுதிச்சுற்று 1950இலிருந்து இங்கேதான் நடக்கிறது. இறுதிப் போட்டிக்குப் போவது யார் என்று முடிவு செய்யும் ஆட்டம். ஒரு பக்கம் மின்னசோட்டா, இன்னொரு பக்கம் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், சுருக்கமாக யூ.எஸ்.சி.

மின்னசோட்டாவுக்குப் பந்து எறிந்தவர் டேவ் வின்ஃபீல்ட். ஆறடி ஆறங்குல உயரம். அந்த வருஷம் பேஸ்பால், கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து என்று மூன்று விளையாட்டுகளின் தொழில்முறை அணிகளும் அவரைத் தேர்வு செய்தன. அப்படிப்பட்ட ஆள். எட்டு இன்னிங்ஸ் முடிந்தபோது 15 பேரை ஸ்டிரைக்அவுட் செய்திருந்தார். யூ.எஸ்.சி. அடித்திருந்தது ஒரே ஒரு ஹிட். ஸ்கோர் 7-0. பாக்கி இருந்தது ஒன்பதாவது இன்னிங்ஸ், அதில் மூன்று அவுட்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த இடத்தில் ஒரு விஷயம் பிடிபட வேண்டும். கடைசி ஓவரில் நாற்பது ரன் வேண்டுமென்றால் நாம் டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவோம். பேஸ்பாலில் அந்தக் கணக்கு செல்லாது. இத்தனை பந்துதான் என்ற வரம்பே கிடையாது. மூன்றாவது ஆள் அவுட் ஆகும்வரை ஆடிக்கொண்டே இருக்கலாம். ஆட்டம் முடிவதற்குக் கடிகாரம் காரணமாகாது. யாரோ ஒருவர் தவறு செய்தால்தான் முடியும்.

யூ.எஸ்.சி. ஆடிக்கொண்டே இருந்தது. நடுவில் வின்ஃபீல்டைப் பந்தெறியும் மேட்டிலிருந்து எடுத்து வெளிமைதானத்துக்கு அனுப்பினார்கள். அப்போதும் நிற்கவில்லை. அந்த ஒரே இன்னிங்ஸில் எட்டு ரன். 8-7. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது வின்ஃபீல்டுக்கே கிடைத்தது. கோப்பை என்னவோ, அடுத்த ஆட்டத்தில் அரிசோனா ஸ்டேட் அணியையும் வென்ற யூ.எஸ்.சி.க்குத்தான். தொடர்ந்து நான்காவது வருஷம். அடுத்த வருஷம் ஐந்தாவது. இன்றுவரை வேறு எந்தக் கல்லூரியும் தொடர்ந்து மூன்று முறைகூட வென்றதில்லை.

அந்த அணியின் கோச் ராட் டீடோ. ஊருக்கே பிரபலமாக இருந்தவர், 45 சீசன்கள் அதே வேலையில் இருந்தவர். அந்த வேலைக்கு அவர் வாங்கிய சம்பளம் வருஷத்துக்கு ஒரு டாலர்.

*

ராவூல் மார்ஷியல் டீடோ 1914இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தார். வளர்ந்தது கலிஃபோர்னியாவில். ஹாலிவுட் உயர்நிலைப் பள்ளி, பிறகு யூ.எஸ்.சி. ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஆடினார், 1935இல் கேப்டன். அதே வருஷம் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. அப்போது அந்த அணியின் மேனேஜர் கேஸி ஸ்டெங்கல். பின்னாளில் நியூயார்க் யாங்கீஸை வைத்து உலகக் கோப்பைகளாக வாரிக் குவித்த அதே ஸ்டெங்கல்தான். இருவரும் வாழ்நாள் நண்பர்கள் ஆனார்கள்.

பெரிய லீகில் டீடோ ஆடியது இரண்டே ஆட்டம். நான்கு முறை மட்டை பிடித்தார், ஒரு ஹிட் அடித்தார். பிறகு முதுகில் காயம். ஆட்டக்காரர் டீடோவின் கதை அத்தோடு சரி.

அடுத்து அவர் செய்தது யாரும் எதிர்பார்க்கக்கூடிய வேலை இல்லை. 500 டாலர் முதல் போட்டு லாரி கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார். பெயர் டார்ட். அது வளர்ந்தது, நன்றாகவே வளர்ந்தது. டீடோவின் வீட்டில் அடுப்பு எரிந்தது லாரி ஓடிய காசில்தான், பேஸ்பாலில் அல்ல. அவருடைய வாழ்க்கையில் மற்ற எல்லாவற்றையும் புரிந்துகொள்ள இந்த ஒரு தகவல் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்குத் திரும்ப வருவோம்.

1942இல் உலகப் போர். யூ.எஸ்.சி.யின் கோச் சாம் பேரி கடற்படைக்குப் போனார். இவர் டீடோவுக்கே கோச்சாக இருந்தவர். அவர் வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி டீடோவிடம் அணி கொடுக்கப்பட்டது. பேரி போரிலிருந்து திரும்பி வந்ததும் இருவரும் சேர்ந்தே அணியை நடத்தினார்கள். 1950இல் பேரி இறந்தார். தற்காலிகமாக வந்தவர் 1986வரை போகவில்லை.

இருவரும் சேர்ந்து நடத்திய காலத்தில்தான் முதல் கோப்பை. 1948, மிச்சிகன் மாநிலத்தின் கலமாஸூ. எதிரணி யேல். மூன்று ஆட்டத் தொடரில் 2-1 என்று ஜெயித்தார்கள். முதல் ஆட்டம் முடிந்த விதம் விசித்திரமானது: கடைசி இன்னிங்ஸில் ஒரே அடியில் மூன்று பேர் அவுட், ஆட்டம் க்ளோஸ். பேஸ்பாலில் இதை ட்ரிபிள் பிளே என்பார்கள், அபூர்வமாகத்தான் நடக்கும். அந்த யேல் அணியின் கேப்டன் ஜார்ஜ் புஷ். ஆமாம், அமெரிக்காவின் 41வது ஜனாதிபதி ஆனவரேதான்.

அதற்குப் பிறகு 1958, 1961, 1963, 1968, 1970 முதல் 1974வரை ஐந்து, கடைசியாக 1978. மொத்தம் 11. வெற்றிகள் 1,332. இந்த எண்களை இத்தோடு விட்டுவிடலாம். பதினோரு கோப்பை எப்படி வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

*

பேஸ்பால் ஸ்கோர்போர்டை எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? இன்னிங்ஸ் வாரியான எண்களுக்குப் பிறகு கடைசியில் மூன்று கட்டங்கள் இருக்கும். ரன், ஹிட், எரர். ஓர் அணி எத்தனை தவறு செய்தது என்பதை மைதானத்தில் இருக்கும் அத்தனை பேரும் பார்க்கும்படி பெரிய எழுத்தில் போட்டு வைக்கும் விளையாட்டு அது. கிரிக்கெட்டில் கேட்ச் விட்டால் கமெண்டேட்டர் திட்டுவார், சமூக வலைத்தளத்தில் மீம் வரும். ஸ்கோர்கார்டில் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

ஆனால் பேஸ்பாலின் அந்தக் கட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு. கைக்கு வந்த பந்தை நழுவவிட்டால் எரர். தப்பான இடத்துக்கு வீசினால் எரர். எத்தனை பேர் அவுட் என்பதையே மறந்துவிட்டு நின்றால்? எந்த பேஸுக்கு எறிய வேண்டும் என்று யோசித்து ஒரு நொடி தாமதித்தால்? அதெல்லாம் எரர் கணக்கில் வராது. மனதில் நடக்கும் தவறுகளை அதிகாரபூர்வ ஸ்கோரர் குறிக்கக்கூடாது என்பது விதி.

டீடோவின் மொத்தக் கவனமும் இந்தக் கணக்கில் வராத தவறுகள் மேல்தான். கை நழுவுவது யாருக்கும் நடக்கும். புத்தி நழுவக்கூடாது. அவர் வாயிலிருந்து திரும்பத் திரும்ப வந்த வாசகம் ஒன்று உண்டு: ஒரே தவறை ஒரு தடவைகூடச் செய்யாதே. முதலில் கேட்டால் ஜோக் மாதிரி இருக்கும். ஒரே தவறை இரண்டு தடவை செய்யாதே என்றுதானே எல்லா வாத்தியாரும் சொல்வார்கள்? இவர் ஏன் ஒரு தடவைகூட என்கிறார்?

யோசித்தால் அதில் ஒரு பாடத்திட்டமே இருக்கிறது. தவறு எங்கேயோ, யாருக்கோ ஏற்கெனவே நடந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் போன வாரம் செய்திருப்பான். எதிரணிக்காரன் இப்போது உன் கண் முன்னால் செய்துகொண்டிருப்பான். அதை உன் கணக்கில் எழுதிக்கொள், உன் முறை வரும்போது உனக்கு அது புதிதாக இருக்கக்கூடாது. அதாவது பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கும் பையனுக்கும் அந்த நேரத்தில் வேலை உண்டு. அவன் ஆடவில்லை, ஆனால் படித்துக்கொண்டிருக்கிறான்.

1973இன் அந்த ஒன்பதாவது இன்னிங்ஸை இப்படிப் பார்த்தால்தான் எனக்குக் கொஞ்சமாவது புரிகிறது. ஏழு ரன் பின்தங்கியிருக்கும்போது மனம் தானாகவே ஏழு ரன்னை நினைக்கும். அடுத்த பந்தை மட்டும் பார் என்று வாயால் சொல்வது சுலபம். அதை வருஷக்கணக்காகத் தினமும் பயிற்சி செய்தவர்களுக்குத்தான் அது அந்த நேரத்தில் கைகூடும்.

கடுகடுப்பான ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். யாரைப் பார்த்தாலும் "டைகர்" என்றுதான் கூப்பிடுவார். பெயர் ஞாபகம் இருக்காது, அதுதான் காரணம் என்று கிண்டல் செய்வார்கள். பேஸ்பால் உலகின் பெரிய கலகக்காரர்களில் ஒருவரான பில் லீகூட அவருடைய 1968 அணியில் இருந்தவர்தான்.

*

இப்போது அந்த ஒரு டாலருக்கு வருவோம்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நம் கல்லூரிகளோடு ஒப்பிட்டுவிடக்கூடாது. இங்கே பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தரவே மாட்டார். அங்கே அது தனித் தொழில். இன்று முன்னணிக் கல்லூரி பேஸ்பால் கோச்சுகள் வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். இரண்டு வருஷம் தோற்றால் வேலை போய்விடும். டீடோவுக்குப் போவதற்கு ஒரு டாலர்தான் இருந்தது. பெரிய லீகிலிருந்து வந்த அழைப்புகளையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"சம்பளம் வாங்காமல் சொல்லிக் கொடுத்தார்." நம் ஊரில் ஓர் ஆசிரியர் இறந்தால் எழுதப்படும் மிகப் பெரிய புகழ்ச்சி இதுதான். டீடோவைப் பற்றியும் இதை அப்படியே எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் லாரிகளை மறந்துவிட்டால்தான் அது முழு உண்மையாகத் தெரியும். அவரால் ஒரு டாலருக்கு வேலை பார்க்க முடிந்தது, ஏனென்றால் அவர் பணக்காரர். சொந்தத் தொழில் இல்லாத ஒருவர் அதே அளவுக்கு பேஸ்பாலைக் காதலித்திருந்தாலும் அப்படிச் செய்திருக்க முடியாது.

அந்த ஒரு டாலர் அவருக்கு வாங்கித் தந்தது தியாகி என்ற பெயரைவிடப் பெரிய ஒன்று. வேலை போய்விடும் என்ற பயமில்லாத ஒருவரால் காத்திருக்க முடியும். ஃப்ரெட் லின் யூ.எஸ்.சி.க்கு வந்ததே கால்பந்து உதவித்தொகையில். பேஸ்பாலுக்கு மாறினார், மூன்று கோப்பைகள் வென்றார். 1975இல் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம், மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற இரண்டு விருதுகளையும் ஒரே வருஷத்தில் வாங்கிய முதல் ஆள் ஆனார். மார்க் மெக்வையர் வந்தது பந்தெறிபவராக. போகும்போது அவர் ஹோம் ரன் அடிப்பவர்.

டாம் சீவருக்கு டீடோ வைத்த ஏற்பாடு இன்னும் சுவாரஸ்யம். ஃபிரெஸ்னோவில் இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் ஆடிக்கொண்டிருந்த பையன். உதவித்தொகை தருகிறேன், ஆனால் முதலில் கோடைக்கு அலாஸ்கா போ, அங்கே ஃபேர்பேங்க்ஸ் அணியில் ஆடிக் காட்டு என்றார். 1964இல் சீவர் போனார், ஆடிக் காட்டினார், உதவித்தொகை கிடைத்தது. 1965இல் யூ.எஸ்.சி.க்காகப் பத்து வெற்றி.

ஆனால் இந்தக் கதையின் அடுத்த பாதியில்தான் கல்லூரி விளையாட்டின் இன்னொரு முகம் தெரிகிறது. 1966இல் அட்லாண்டா பிரேவ்ஸ் சீவரை ஒப்பந்தம் செய்தது. கல்லூரி சீசன் தொடங்கிய பிறகு மாணவரை ஒப்பந்தம் செய்யக்கூடாது என்பது விதி. யூ.எஸ்.சி. அதற்குள் சில ஆட்டங்கள் ஆடியிருந்தது. ஒப்பந்தம் செல்லாது என்றார் பேஸ்பால் கமிஷனர். சரி, கல்லூரிக்கே திரும்பி ஆடலாம் என்றால், நீ தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன், அமெச்சூர் இல்லை என்றது கல்லூரி விளையாட்டு நிர்வாகம். இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. கடைசியில் பிரேவ்ஸ் பேசிய தொகையைத் தரத் தயாராக இருந்த மூன்று அணிகளின் பெயர்களைச் சீட்டெழுதித் தொப்பியில் போட்டு எடுத்தார்கள். நியூயார்க் மெட்ஸ் வந்தது. மூன்று வருஷத்தில், 1969இல், மெட்ஸ் உலக சாம்பியன். சீவர் 311 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார்.

சீட்டு நல்லபடியாக விழுந்ததால் இன்று இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். ஆனால் அந்த 21 வயதுப் பையனுக்கு அந்த வாரங்களில் தன் கையைத் தானே விற்கும் உரிமை இருக்கவில்லை. "அமெச்சூர்" என்ற அழகான சொல்லுக்குள் இரண்டு விதமான ஆட்கள் இருந்தார்கள். சம்பளம் வேண்டாம் என்று தானே முடிவு செய்த டீடோ ஒருவர். சம்பளம் வாங்கக்கூடாது என்று மற்றவர்கள் முடிவு செய்த மாணவர்கள் மற்றவர்கள். இரண்டுக்கும் ஒரே பெயர். அந்த விதிகள் உண்மையில் உடைவதற்கு 2021வரை ஆனது. அந்த வருஷம்தான் மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்றுச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. 2025இலிருந்து கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம்.

டீடோ இந்த விதிகளை உருவாக்கவில்லை. அவற்றுக்குள் இருந்து பெரும் வெற்றிகளைப் பெற்றார். அவருடைய கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது.

*

அவர் மனதுக்கு நெருக்கமாக இருந்த இன்னொரு காரியம் பேஸ்பாலை ஒலிம்பிக்ஸுக்குக் கொண்டுபோவது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸின்போது நடந்த காட்சி ஆட்டத்துக்கு அமெரிக்க அமெச்சூர் அணியைக் கூட்டிப்போனவர் அவர்தான். 1972இல் அமெரிக்க, ஜப்பானியக் கல்லூரி அணிகளுக்கு இடையேயான தொடர் தொடங்கியதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. எதிரியாகப் போரிட்ட நாட்டோடு ஒரு விளையாட்டைப் பகிர்ந்துகொள்வதில் அவருக்கு அப்படி ஓர் ஆர்வம்.

1984இல் ஒலிம்பிக்ஸ் அவருடைய சொந்த ஊரான லாஸ் ஏஞ்சலஸுக்கே வந்தது. பேஸ்பால் காட்சி விளையாட்டு. கியூபா புறக்கணித்துவிட்டது. அமெரிக்க அணியில் மெக்வையர், வில் கிளார்க், பேரி லார்கின். கோச்சுக்கு வயது 70. டாட்ஜர் ஸ்டேடியத்தில் இறுதிப் போட்டி. ஜப்பான் 6, அமெரிக்கா 3. யாரோடு ஆட வேண்டும் என்று இருபது வருஷம் பாடுபட்டாரோ அவர்களிடமே தோற்றார். பேஸ்பால் முறையான ஒலிம்பிக் விளையாட்டு ஆனது 1992இல்.

1978க்குப் பிறகு யூ.எஸ்.சி.க்கும் கோப்பை இல்லை. மற்ற கல்லூரிகள் பணம் போட்டு மைதானம் கட்டி, முழுநேரக் கோச்சுகளை வைத்து முன்னே போனார்கள். 1986இல் டீடோ விலகினார். வந்தவர் அவருடைய 1961 அணியில் ஆடிய மைக் கில்லஸ்பி. 1998இல் அவர் ஒரு கோப்பை வாங்கித் தந்தார். யூ.எஸ்.சி.க்கு அதுதான் கடைசி. டீடோவின் 1,332ஐ 1994இல் டெக்சாஸின் கிளிஃப் கஸ்டாஃப்சன் தாண்டினார். பிறகு ஃபுளோரிடா ஸ்டேட்டின் மைக் மார்ட்டின் 2,000த்தையும் தாண்டிப் போனார்.

*

அவருடைய மாணவர்களில் ஏறக்குறைய அறுபது பேர் பெரிய லீகில் ஆடினார்கள். எல்லாமே வெற்றிக் கதை கிடையாது. 1998இல் ஒரே சீசனில் 70 ஹோம் ரன் அடித்து நாட்டையே ஆட்டிவைத்த மெக்வையர், ஊக்கமருந்து எடுத்ததை 2010இல் ஒப்புக்கொண்டார். எந்த கோச்சின் பாடமும் எல்லா இடத்துக்கும் கூடவே போவதில்லை.

ராண்டி ஜான்சன் கதை வேறு மாதிரி. ஆறடி பத்தங்குல உயரம், இடது கை, அசுர வேகம். பந்து எங்கே போகும் என்று மட்டும் அவருக்கே தெரியாது. டீடோவிடம் மூன்று வருஷம் இருந்தும் அது சரியாகவில்லை. பெரிய லீகுக்குப் போன பிறகும் 1990, 1991, 1992 என்று மூன்று வருஷமும் லீகிலேயே அதிகமாக வைட் போட்டவர் அவர்தான். (கிரிக்கெட் வார்த்தையில் சொல்கிறேன். அங்கே அதற்குப் பெயர் வாக்.) 1992இல் எதிரணியான டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் பிட்சிங் கோச் அவரைக் கவனித்தார். பந்து எறிந்து முடிக்கும்போது குதிகாலில் இறங்குகிறாய், முன்பாதத்தில் இறங்கு என்றார். எதிரணிக்காரர் சொன்ன அந்தச் சின்ன விஷயத்திலிருந்து ஜான்சனின் பாதை மாறியது. ஐந்து சை யங் விருதுகள், 303 வெற்றிகள்.

அந்த எதிரணி கோச்சின் பெயர் டாம் ஹவுஸ். அவரும் 1960களில் யூ.எஸ்.சி.யில் டீடோவிடம் பந்து எறிந்தவர்தான். வாத்தியாரால் சரிசெய்ய முடியாமல் போன பையனை, அதே வாத்தியாரிடம் முன்னால் படித்த இன்னொரு மாணவர் சரிசெய்தார். எங்கேயோ யாரோ செய்யும் தவறைக் கவனித்துக்கொண்டே இரு என்ற பாடம் இருபத்தைந்து வருஷம் கழித்தும் ஒருவரிடம் வேலை செய்திருக்கிறது.

டாம் ஹவுஸை நீங்கள் உங்களுக்குத் தெரியாமலேயே ஒரு படத்தில் பார்த்திருக்கலாம். 2008இல் இந்தியாவில் நடந்த பந்தெறியும் போட்டி ஒன்றில் தேர்வான உத்தரப் பிரதேசப் பையன்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் பட்டேலும் லாஸ் ஏஞ்சலஸ் போனார்கள். ஈட்டி எறிந்து பழகியவர்கள், பேஸ்பாலைத் தொட்டதே இல்லை. அவர்களுக்கு யூ.எஸ்.சி. வளாகத்தில் பயிற்சி கொடுத்தவர் ஹவுஸ். சில மாதங்களில் இருவரும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அமைப்பில் ஒப்பந்தமானார்கள். அந்தக் கதைதான் 2014இல் வந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்'. இசை நம் ஏ.ஆர். ரஹ்மான். ரிங்கு சிங் பின்னால் டபிள்யூ.டபிள்யூ.ஈ.க்குப் போய் வீர் மஹான் ஆனார்.

இதையெல்லாம் பார்க்க டீடோ இல்லை. 2006 ஜனவரியில், 91 வயதில் இறந்துவிட்டார். 1999இல் கல்லூரி பேஸ்பாலின் நூற்றாண்டுக் கோச் என்று அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

ஒரு டாலரை ஒரு முன்மாதிரியாக யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது. லாரி கம்பெனி வைத்திருப்பவர்கள்தான் நல்ல வாத்தியாராக முடியும் என்றால் அது ரொம்ப மோசமான ஏற்பாடு. சொல்லிக் கொடுப்பவருக்குச் சம்பளம் வேண்டும், ஆடுகிறவனுக்கும் வேண்டும். ஆனால் அந்த ஒரு டாலர் டீடோவுக்குத் தந்த அவகாசம் இருக்கிறதே, அடுத்த வாரத்து வெற்றியைப் பற்றிப் பயப்படாமல் ஒரு பையனின் தவறைப் பொறுமையாகப் பார்க்கும் அவகாசம், அதைப் பத்து லட்சம் டாலர் வாங்கும் ஒரு கோச்சுக்கு எப்படித் தருவது என்பதற்குத்தான் இன்னும் பதில் இல்லை. நம் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டருக்கும் அது தேவைதான்.